சின்ன மணியா, பதரா

நெல் ஆராய்ச்சி செய்கிறவன் என்று சொன்னால் எல்லோரும் உடனே எந்த ஊர் என்று கேட்பார்கள். எர்ணாவூர் என்பேன். கேட்டவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எர்ணாவூரில் அப்படி என்ன விளைகிறது? கன்டெய்னர் விளைகிறது. அதை ஏற்றிக்கொண்டு போக வரிசை கட்டி நிற்கும் லாரி விளைகிறது. காற்று திரும்பினால் மணலிப் பக்கத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம் விளைகிறது. நெற்பயிரை நான் தொட்டுப் பார்த்ததே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அரிசி.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்போது ராயபுரத்தில், கிடங்குகளை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். லாரி குலுங்கிப் போகும் இடங்களில் சாலையில் சிந்திக் கிடப்பதை அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் விளக்குமாறால் கூட்டி அள்ளி வருவார்கள். புடைத்துக் கல் பொறுக்கி உலையில் போட்டால் ஒரே சோற்றில் நீளம், குட்டை, மோட்டா, சன்னம் எல்லாம் இருக்கும். ஓர் அரிசிக்குள் இத்தனை உருவமா என்று அந்த வயதிலேயே வியந்தேன் என்றெல்லாம் கதை விடப் போவதில்லை. பசித்தது, சாப்பிட்டேன். வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்தது, போனேன்.

இப்போது என் வேலை, ஒரு நெல்மணி ஏன் இவ்வளவு நீளம், ஏன் இவ்வளவு அகலம், அதை எந்த மரபணு தீர்மானிக்கிறது என்று தேடுவது. ஆய்வுக்கூடம் நகரத்தின் தென்கோடியில் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, இறங்கி, பேருந்து பிடித்துப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். கூட வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம். "ஹார்பர்காரருக்கு நெல்லுன்னா சாக்கோடதான் தெரியும்" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

வெளியாட்களுக்கு என் தொழிலை விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் நான் சொல்ல வந்ததற்கு அது வேண்டும். நெல்லில் முதலில் உருவாவது உமி. பூ மலர்வதற்கு முன்பே இரண்டு தோடுகள் வளர்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. உள்ளே அரிசி என்று இன்னும் ஒன்றும் கிடையாது. வீடு கட்டி முடித்த பிறகுதான் குடி வருகிறது. உமி எவ்வளவு இடம் விடுகிறதோ அதற்கு மேல் மணி வளர முடியாது. அந்த உமி முழுக்கத் தாய்ச்செடியின் உடம்பு. அதன் நீள அகலத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் பல பிரேக் போடுபவை. பிரேக் பழுதானால் உமி நீளும், மணியும் கூடவே நீளும். நாம் ஆசைப்பட்டு வாங்கும் நீள அரிசிகளில் சில அப்படியொரு பழுதால் வந்தவைதான்.

அடுத்தது நிரம்புவது. இலை தயாரித்த சர்க்கரை தண்டு வழியாக வந்து, மணியின் முதுகோரம் ஓடும் மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக உள்ளே இறங்க வேண்டும். அந்த வாசலில் சர்க்கரையை உடைத்து உள்ளே தள்ள ஒரு மரபணு தேவை. அது வேலை செய்யாவிட்டால் உமி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. மரபணு நன்றாகவே இருந்து, இலைக்கு வெளிச்சம் போதாமல் போனாலும், பூக்கும் நேரத்தில் வெயில் கொளுத்தினாலும் அதே கதிதான். பார்க்க நெல்லாக இருக்கும், கையில் எடுத்தால் கனமே இருக்காது.

அதனால் சிறுத்துத் தெரியும் மணி எதைப் பார்த்தாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, இது சின்ன மணியா, பதரா என்பதுதான். சின்ன மணி என்றால் அது அதன் பிறவி. சீரகச் சம்பா சின்னது, அதற்கு என்ன குறை? பதர் என்றால் வர வேண்டியது ஏதோ வரவில்லை. கண் ஏமாற்றும். உப்புத் தண்ணீரில் கொட்டினால் தெரிந்துவிடும். சின்னதாக இருந்தாலும் நிரம்பியது மூழ்கும், நிரம்பாதது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மிதக்கும். இதைவிட நேர்மையான பரிசோதனை எங்கள் கூடத்தில் வேறு இல்லை.

என் மனைவி எண்ணூர்க்காரி. மீன்பிடிக்கும் குடும்பம். கன்டெய்னர் யார்டு ஒன்றின் வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிற லாரிகளின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. என் படிப்பைப் பற்றி அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே அபிப்பிராயம்தான்.

"அரிசி அளக்கறதுக்கு டாக்டர் பட்டமா? எங்க ரேஷன் கடைக்காரன் டெய்லி அளக்கறான். அவனுக்கும் ஒண்ணு குடுக்க சொல்லு."

அவள் மாசமாக இருந்தபோது ஒரு வார இறுதியில், தீட்டிய அரிசி சாம்பிள் பாக்கெட் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். நடுவில் வெள்ளை படர்ந்த மணிகளைத் தனியே பிரிக்க வேண்டும். அது நிரம்பும்போது தடுமாறியதன் அடையாளம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பாக்கெட் காலி.

"இங்க வச்சிருந்த அரிசி எங்க?"

"துன்ட்டேன்."

"அது சாம்பிள்டி!"

"நல்லாதான் கீது உன் சாம்பிளு. கடசில லேசா இனிக்குது. நாளைக்கும் கொஞ்சம் எட்த்துகினு வா."

என் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் எலி தின்றுவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். அம்மா ஒரு படி மேலே போய், அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வரும், இவளுக்குத்தான் கல்யாணம் முடிந்துவிட்டதே, தின்றால் என்ன என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா இவள் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பச்சரிசி, சாம்பல் ஏதாவது மெல்லணும்னு தோணுதா?" என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் அப்படித் தோன்றுமாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒழுங்காக விழுங்கினாள். அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

அடுத்து எடுத்த ஸ்கேனில் குழந்தை சின்னதாக இருக்கிறது என்று வந்தது. தலை, தொடை எலும்பு, வயிற்றுச் சுற்றளவு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைவு. "சில குழந்தைங்க அப்படித்தான் இருக்கும். உங்க குடும்பத்துல எல்லாரும் சின்ன உருவமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அம்மாவுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

"எங்க வூட்டு ஆளுங்க அல்லாரும் பொடிசுதான். இவன் பொறந்தப்ப ஒரு கையே எதேஷ்டம். நர்சம்மா எங்க வுட்டுட்டோம்னு தேடினு இருந்துச்சு. கடுகு சிறுத்தாலும் காரம் போவுமா இன்னா?"

கடுகு சிறுத்த கதையை அந்த மாதத்தில் எத்தனை பேர் வாயில் கேட்டேன் என்று கணக்கில்லை. மாடி வீட்டம்மா சொன்னாள். மளிகைக் கடைக்காரர் சொன்னார். சின்னத் தலை என்றால் பிரசவம் சுலபம் என்று ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சொன்னாள். ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நம்பவும் ஆசையாக இருந்தது. அப்பா, பெரியப்பா, அத்தைகள், அவர்கள் பிள்ளைகள் என்று ஒவ்வொருவரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாரும் என் தோளுக்குத்தான் வருவார்கள். நானே உயரம் கிடையாது. வாழ்நாள் முழுக்க மரபணுக்களை அதட்டிக் கேள்வி கேட்டவன், அந்த மாதம் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறவியாகவே இருக்கட்டும், சின்ன மணியாகவே இருக்கட்டும் என்று.

மனைவி மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

"உங்க வூடு பொடிசு, சரி. எங்க வூடு? எங்க அண்ணன பாரு, பனமரம். பாதி உன்னுது, பாதி என்னுது தானே? அப்ப பாதியாவது வளர வாணாம்?"

அவள் அண்ணன் உண்மையிலேயே பனைமரம்தான். எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாது. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நெல்லுக்குத் தாவினேன். முளைக்கும் கரு பாதிக்குப் பாதிதான், ஆனால் நாம் சோறாக்கித் தின்னும் பகுதியில் அம்மா இரண்டு பங்கு, அப்பா ஒரே பங்கு என்றேன். உமியோ முழுக்க அம்மா. நெல்லில் அப்பன்காரனுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு பங்கு நான் குடுத்துகினுதான கீறேன்? நீ வாங்கினு வர்றதெல்லாம் துன்றேன். மாத்தர துன்றேன். அப்பால ஏன் வளரல?"

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால் யார் மேலும் கோபம் வரும்.

அடுத்த ஸ்கேனுக்கு நானும் உள்ளே போனேன். டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி அளந்தார், அழித்தார், திரும்ப அளந்தார். அளக்கிற ஆள் பிடிக்காத விடை வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்வேன்.

"தலை ஓரளவு வளர்ந்திருக்கு. எலும்பும் நீண்டிருக்கு. வயிறு மட்டும் அப்படியே நிக்குது" என்றார். கிடைக்கிற கொஞ்ச ரத்தத்தைக் குழந்தை முதலில் மூளைக்கு அனுப்பிக்கொள்ளும், மீதிக்கு ஒன்றும் மிஞ்சாது என்று விளக்கினார். தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதைத் திரையில் காட்டினார். குழந்தைக்குச் சாப்பாடு அனுப்பும் நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. சட்டகம் வளர்கிறது, உள்ளே நிரம்பவில்லை. குடும்பத்து உருவமாக இருந்தால் எல்லாம் ஒரே அளவில் சிறுத்திருக்கும். பதர் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை வருடம் தினம் பத்து தடவை சொல்கிற சொல். அதை என் பிள்ளைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல்லை உண்டாக்கியவனையே அறைய வேண்டும் போலிருந்தது.

"எதனால மேடம்?" என்று கேட்டேன். "நாங்க இருக்கறது எர்ணாவூர். மொட்டை மாடில துணி காயப்போட்டா சாம்பல் படியுது. இவ நாள் முழுக்க லாரி புகைல உக்காந்திருக்கா."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். ரத்தசோகையும் இருந்தது. ஒரு கேஸை வச்சு இதுதான் காரணம்னு சொல்ல முடியாது சார்."

அவர் சொன்னது நியாயம். ஒரே ஒரு செடியை வைத்துக்கொண்டு முடிவு சொல்ல வருகிற மாணவர்களை நானே விரட்டியிருக்கிறேன். ஆனால் அன்று அந்த நியாயம் எனக்கு வேண்டாமாக இருந்தது. சட்டையைப் பிடித்து உலுக்க எனக்கு யாராவது ஒருவர் வேண்டும். காரணம் என்று ஒரு முகம் வேண்டும். அப்படி யாரும் அகப்படவில்லை.

அவளை வார்டில் சேர்த்தார்கள். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். குழந்தை உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் லாபம், ஆனால் ரத்த ஓட்டம் இன்னும் கெட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்கள். பக்கத்துப் படுக்கைகளில் வயிறு முட்டிக்கொண்டு நிற்கும் பெண்கள். அவர்களைப் பார்க்காமலிருக்க இவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அது வலதுபக்கம். நர்ஸ் வந்து திட்டித் திரும்பவும் இடதுபக்கம் படுக்க வைப்பார்.

பகலில் நான் வேலைக்குப் போனேன். அம்மா வார்டு வாசலில் இருந்தார். ஆண்களை உள்ளே விடும் நேரம் சாயங்காலம்தான். வெளியே உட்கார்ந்து பைத்தியம் பிடிப்பதற்கு ஆய்வுக்கூடமே தேவலை என்று போனேன். அங்கே எனக்காக என்ன வேலை காத்திருந்தது தெரியுமா? கதிரை ஒட்டி நிற்கும் கடைசி இலைக்குக் கண்ணாடி இலை என்று பெயர். மணிக்குப் போகும் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்த இலை தருவது. பூத்து முடித்ததும் அதைக் கத்தரித்துவிட்டு, எந்த ரகம் பட்டினியிலும் மணியை நிரப்புகிறது என்று பார்ப்போம். தாங்குகிற ரகம் கிடைத்தால் அதன் மரபணுவைத் தேடலாம். நல்ல ஆராய்ச்சிதான். உலகத்துக்கு உபயோகமானது.

தொட்டிகள் வரிசையாக நின்றன. கத்தரிக்கோலோடு முதல் தொட்டியின் முன் போய் நின்றேன். வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம், கேட்டிருந்தால் செய்து கொடுத்திருப்பார்கள். கேட்க மனசு வரவில்லை. ஒவ்வொரு செடியாக இலையைப் பிடித்து அடியோடு வெட்டினேன். அத்தனை பச்சை இலைகள் காலடியில் கிடந்தன. கதிர்கள் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து நின்றன. அவை தலை சாய்வதற்கு நாளாகும். சில சாயவே சாயாது, உள்ளே கனம் இருந்தால்தானே சாய்வதற்கு. முடித்ததும் கையைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். அன்றிலிருந்து விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறேன். முளையில் ஒரு மண்ணும் தெரியாது.

அந்த வாரம் ஒரு காலையில் போன் வந்தது. ரத்த ஓட்டம் கெட்டுவிட்டது, இன்றைக்கே எடுக்கிறோம் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள்.

"உள்ள இருந்தாலும் கஷ்டம், வெளிய வந்தாலும் கஷ்டம். வெளிய வந்தா நாங்க ஏதாவது செய்யப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. மறைத்துப் பேசாத மனுஷி. அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். கையைக் கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அழகாக இருந்தாள் என்று பொய் சொல்ல மாட்டேன். தோல் உடம்பைவிடப் பெரிதாக, தொடையில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. தலை மட்டும் பெரிது. கிழவி மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யாரையோ கோபித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கைகளும் கால்களும்! விரல்கள் நீளம், பாதம் நீளம், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரு நீட்டம். அது எங்கள் வீட்டு உருவமே கிடையாது. என் மைத்துனனின் கால்கள். ஆள் உயரமாக வளர வேண்டியவள். குனிந்து வாசல் நுழைய வேண்டியவள். எதுவும் குறையில்லாத விதையாகத்தான் வந்திருக்கிறாள். சாப்பாடுதான் வந்து சேரவில்லை.

அங்கேயே நின்று அழுதேன். நர்ஸ் ஒருத்தி, "இங்க அழக்கூடாது சார், வெளிய போங்க" என்றாள். போனேன்.

மாடி வார்டில் என் மனைவி தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பால் பீய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தாள். முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவுதான் வந்தது. நான்தான் வார்டு வாசலில் வாங்கி, மூடி போட்டு இரண்டு மாடி இறங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். குழந்தை தாங்கவில்லை. வயிறு உப்பியது. குடலுக்குச் சரியாக ரத்தம் போகாமல் வளர்ந்த குழந்தை, அதனால் பாலை ஏற்கவில்லை என்றார்கள். பால் வேண்டாம், நிறுத்துங்கள் என்றார்கள். அதை அவளிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாதான் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு கடுகு பற்றியும் காரம் பற்றியும் யாரிடமும் பேசியதில்லை.

ஒரு மத்தியான வேளையில் குழந்தை இறந்துபோனாள். நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சின்னக் குழந்தை என்றால் நேரத்தைக் கடத்தக் கூடாது என்று அம்மா சொன்னார். மனைவியால் படுக்கையை விட்டு வர முடியாது. அவளிடம் ஒரு முறை கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் அண்ணன் ஆட்டோவோடு கீழே நின்றான். குழந்தையைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு போனோம். வழியில் ஒரு கடையில் அவன் ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் போய், பூவும் சூடமும் ஒரு பொட்டலம் அரிசியும் வாங்கி வந்தான். அவன் போன சாவெல்லாம் பெரியவர்கள் சாவு. எதற்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இடுகாட்டில் குழி வெட்டுகிறவர் ஏற்கனவே வெட்டி வைத்திருந்தார். அதற்கு அதிக வேலை இல்லை. குழந்தையை இறக்கிக் கிடத்தினேன். மைத்துனன் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் அரிசியைக் கொட்டினான்.

"வாய்க்கரிசி போடு மாப்ள."

கையில் இருந்ததைப் பார்த்தேன். பழக்கதோஷம். சன்ன ரகம். நொய் இல்லை. நடுவில் வெள்ளை விழுந்தது ஒன்றுகூட இல்லை. அத்தனையும் முனை வரை நிரம்பிய மணிகள். எங்கேயோ யாரோ நன்றாகச் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கிறார்கள்.

குழி வெட்டுகிறவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொயந்த சோறு துன்ட்சா நைனா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப அரிசி வாணாம். சோறு துன்னாத வாய்க்கு வாய்க்கரிசி கெடையாது. பால் ஊத்து, போதும்."

மைத்துனன் அரிசியைத் திரும்பப் பொட்டலத்தில் வாங்கிக்கொண்டான். அதை என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே ஓடிப்போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்து, முனையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தான். ஃபிரிட்ஜில் இருந்தது, கை மரத்துப்போகும் குளிர்ச்சி. உதட்டில் கொஞ்சம் ஊற்றினேன். கன்னத்தோரமாக வழிந்து துணியில் இறங்கியது. பிறகு மண் தள்ளினோம்.

குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது சாயங்காலப் பார்வை நேரம். வார்டு முழுக்க ஜனம். அவள் இடதுபக்கம் ஒருக்களித்தே படுத்திருந்தாள். இனி அப்படிப் படுக்க வேண்டியதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அல்லாம் ஒயுங்கா செஞ்சீங்களா?"

"ம்."

"வாய்க்கரிசி போட்டியா?"

"சோறு சாப்புடாத கொயந்தைக்கு அது கெடையாதாம். பால் ஊத்த சொன்னாங்க. ஊத்துனேன்."

"இன்னா பாலு?"

"கடைல வாங்கனது. பாக்கெட் பாலு."

அவள் கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். போர்வை நழுவியது. நைட்டியின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"மேல வந்து என்னாண்ட கேட்டா நான் குட்த்திருக்க மாட்டனா?" என்றாள்.